பாடலிலிருந்து பாடலுக்கு: தனித்தனி ப்ராஜெக்டா, ஒரே டைம்லைனா?

வீட்டில் பதிவுசெய்த எட்டுப் பாடல்களை, ஒன்றின் ஒலி அடங்குமுன் அடுத்தது எழும்படி கோக்க நினைத்தபோது என்முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு பாடலையும் அதனதன் ப்ராஜெக்டிலேயே முடித்து, வால் தலையோடு பொருந்தும்படி தனிக் கோப்புகளாக எடுப்பது ஒன்று. எல்லா மிக்ஸ்களையும் (குரலும் கருவிகளும் கலந்து முடிந்த பாடல்களை) ஒரே டைம்லைனில், அதாவது ஒரே காலக்கோட்டில் அடுக்கி, சேருமிடங்களில் ஒன்று தேய மற்றொன்று எழும்படி கிராஸ்ஃபேட் செய்து, கடைசியில் பாடல் தொடங்குமிடங்களில் மார்க்கர் என்னும் குறி வைத்து வெட்டுவது மற்றொன்று. முதல் வழியில் தொடங்கிய நான் பாதியில் இரண்டாவதற்கு மாறினேன்.

பாடல்களுக்கிடையே இரண்டு விநாடி மௌனம் போதுமென்றால் முதல் வழியே எளிது. கணினிக்கும் சுமை குறைவு.

என்னை மாற வைத்தது திருத்தம். மூன்றாம் பாடலின் இறுதியில் நீளும் கீபோர்டு ஸ்வரம், நான்காம் பாடலின் கிதாருக்கு அடியில் ஆறு விநாடி தொடர்கிறது. தனிக் கோப்புகளில் அந்த ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து கிடந்ததால், மூன்றாம் பாடலில் குரலைச் சற்றே குறைத்தாலும் நான்காவதையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அதைவிடத் தொல்லை, ஒலி ஓரளவுக்கு மேல் போகாமல் அழுத்திப் பிடிக்கும் லிமிட்டர்: முதல் கோப்பின் முடிவில் ஒலியை அழுத்திக்கொண்டிருந்த அது, அடுத்த கோப்பில் புதிதாகத் தொடங்கியதால், சேருமிடத்தில் ஸ்வரம் சட்டென உயர்ந்து ‘டக்’கென்று கேட்டது. ஒரே டைம்லைனில் பழைய மிக்ஸுக்குப் பதில் புதியதை வைத்தால் போதும். கிராஸ்ஃபேட் அப்படியே நிற்கிறது, லிமிட்டரும் ரிவர்பும் (எதிரொலி போன்ற ஒலிநீட்சி) அறுபடாமல் ஓடுகின்றன, வெட்டு அவற்றுக்குப் பிறகே விழுகிறது. ஒவ்வொரு பாடலின் பகுதியையும் ரீப்பர் மென்பொருளில் ரீஜன்களாகவும் ஆடாசிட்டி மென்பொருளில் லேபிள்களாகவும் குறித்துவிட்டால் கோப்புகள் தாமே பிரிந்து வரும்.

எந்த வழியானாலும் கோப்பின் வகையைக் கவனிக்க வேண்டும். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவீடு) கொண்ட கட்டங்களாக அடுக்குவதால் முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்கிறது. அதன் அளவைக் குறிக்கும் தகவலைப் படிக்காத பிளேயர்களில் இடைவெளி கேட்கும். வேவ், ஃபிளாக் கோப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை. சிடிக்கு ஒரு விநாடி 75 பிரிவுகள், பிரிவுக்கு 588 சாம்பிள். வெட்டு அந்த எல்லையில் விழாவிட்டால் மிச்சம் மௌனத்தால் நிரப்பப்படலாம்.

நான் இப்படிச் செய்தது ஒரே ஆல்பம்தான். தாளத்தோடு தாளம் சேரும் இணைப்பு அதில் ஓரிடத்தில் மட்டுமே இருந்ததால், அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். நீளும் ஸ்வரங்களுக்கு, கிதாரின் முதல் மீட்டலுக்குச் சற்று முன்பாக மார்க்கரை வைக்கிறேன். நான்காம் பாடலைத் தனியாகக் கேட்பவருக்கும் அது நடுவில் தொடங்கியதாகத் தோன்றுவதில்லை.