சோளத்துக்கு (மக்காச்சோளத்துக்கு) யூரியாவா, மாட்டெருவா?

50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். அதே அளவு காய்ந்த மாட்டெருவில் ஒரு கிலோ தேறினாலே பெரிய விசயம். பொத்தி திரளுவதில் யூரியாதான் முன்னுக்கு, 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது அது எல்லாருக்கும் உறைத்தது. மணியில் புரதமும் கூடும், ஆனால் கூடுவது பெரும்பாலும் லைசின் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் குறைந்த சீன் (zein) என்ற சோளப் புரதம்தான், அதனால் சத்தும் அதே அளவு கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

எரு மெதுவானது. ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல், யூரியா மண்ணில் மாறி வரும் நைத்திரேற்றில் பயிர் எடுக்காதது கிணற்றுத் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். எருப் போட்ட இடத்தைக் கொத்திப் பாருங்கள், மண் பொலபொலவென்று உதிரும், ஈரமும் நிற்கும்.

நானென்றால் அடியில் எரு, மேலே குறைத்த யூரியா, அதையும் இரண்டு தரமாக. பெருமழைக்கு முதல்நாள் மட்டும் வேண்டாம்.