கஞ்சில், சாகா மீட்டர் கேபிள்: கடையில் கிடைப்பதில் எது தேறும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கஞ்சில், பழைய சாகா, இஸ்வாரா கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தக் காடிகளில் வேகத்தை கியர்பாக்ஸிலிருந்து வேகம் காட்டும் மீட்டருக்குக் கொண்டுபோவது உறைக்குள் சுழலும் ஒரு கம்பி. முள் துடிக்கிறது என்று ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போனால் கவுண்டரில் மூன்று பொருள் வரும்: உறையோடு முழு கேபிள், உள்கம்பி மட்டும், டின்னிலிருந்து அள்ளித் தரும் பேரிங் கிரீஸ். முழு கேபிள், பார்த்து வாங்கினால், காசுக்கு ஏற்ற பொருள். உள்கம்பி நல்லதுதான், ஆனால் உறை உள்ளே தேயாமல் இருந்தால் மட்டும். டின் கிரீஸ் வேண்டவே வேண்டாம். எதை வாங்கும் முன்பும் பழைய கேபிளைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கழுவிச் சரியான கிரீஸ் போட்டால் ஓடக்கூடிய கேபிளைப் பலர் குப்பையில் போடுகிறார்கள்.

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும். முள்ளும் அசையவில்லை, கிலோமீட்டர் எண்ணும் நகரவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் முனையில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். எண் ஓடுகிறது, முள் மட்டும் படுத்துக்கிடக்கிறது என்றால் கோளாறு மீட்டருக்குள். கேபிள் வாங்குவது வீண். மெதுவாகப் போகும்போது முள் 20க்கும் 40க்கும் இடையில் குதித்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் கீச்சிட்டால் கம்பி காய்ந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. காய்ந்த கம்பி உறைக்குள் ஒரு கணம் பிடித்துக்கொள்ளும், முறுக்கேறும், பிறகு சட்டென்று விடுபடும். முள் காட்டுவது அந்த முறுக்கைத்தான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 30க்குள் போக வேண்டிய சாலையில் இப்படிப்பட்ட முள்ளை நம்பி ஓட்டக்கூடாது.

எல்பில், ஹேவுட் தோட்டப் பக்கம் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காடிக்கு இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். எஞ்சின் அறையிலிருந்து கேபிள் உள்ளே நுழையும் துளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது கிழிந்தால் தூசியும் மழைநீரும் உள்ளே போகும், கேபிளும் தகரத்தில் உரசும். செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கு அருகில் நிறுத்தும் காடிகளில் எலி உறையைக் கடித்து வைப்பதும் உண்டு. ஆகவே கழற்றியதும் உறையை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் கடித்த ஓட்டை இருந்தால்கூட எந்தக் கிரீஸும் நிற்காது; அந்த உறையை மாற்றத்தான் வேண்டும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகடிவ் முனையை எடுத்துவிடுங்கள். மீட்டர் பெட்டியின் திருகுகளைக் கழற்றி முன்னால் இழுத்தால் பின்பக்கம் கேபிள் முனை தெரியும். பிளாஸ்டிக் நாக்கை அழுத்தினால் விடுபடும். உள்கம்பியை மேலிருந்து உருவி, இரு முனைகளையும் பிடித்து U வடிவில் தொங்கவிட்டு ஒரு முனையை மெல்லத் திருப்புங்கள். மறுமுனை சீராகத் திரும்பினால் கம்பி நல்லது. நின்று நின்று குதித்தால் எங்கோ மடிந்திருக்கிறது. அதை நிமிர்த்திப் பயன் இல்லை. சதுர முனைகளின் விளிம்பு உருண்டு போயிருந்தாலும் கம்பி முடிந்தது. உருவும்போது கம்பி மெல்லிய எண்ணெயில் நனைந்து வந்தால் கியர்பாக்ஸ் முனையின் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். முதலில் சீலை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கியர் ஆயில் கம்பியோடு ஏறி மீட்டருக்குள்ளேயே போய்விடும்.

இனி கிரீஸ். கடைக்காரர் அள்ளித் தருவது சக்கரப் பேரிங்குக்கானது. சூட்டையும் பாரத்தையும் தாங்கத் தடிமனாகச் செய்தது. நீண்ட உறைக்குள் சுழலும் மெல்லிய கம்பிக்கு அது பாரம். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிப்பது எதிர்ப்பக்கத் தவறு: அன்றைக்குச் சத்தம் நிற்கும், மிச்சமிருந்த கிரீஸைக் கரைத்து இறக்கிவிடும், கம்பி மறுபடியும் காயும். வாங்க வேண்டியது டியூபில் வரும் கிராஃபைட் கிரீஸ். அது இல்லாவிட்டால் மென்மையான லித்தியம் கிரீஸ் போதும். ஒரு காடிக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. சின்ன டியூப் ஒன்று பல காடிக்கு வரும்.

போடும் முறையில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். உள்கம்பியை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். உறையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு மேலிருந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, கறுப்பு வடிந்து தெளியும்வரை விடுங்கள். பெட்ரோல் ஊற்றாதீர்கள், தீ அபாயம். ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும். ஈரம் தங்கினால் புதுக் கிரீஸ் நீர்த்துப்போகும். பிறகு விரல்களில் கிரீஸைத் தடவிக் கம்பியை இழுங்கள், மேலே ஒரு படலம் மின்னினால் சரி. மீட்டர் பக்கத்து 20 சென்டிமீட்டரில் கிரீஸ் போடவே கூடாது. சுருள் சுருளாகப் பின்னிய கம்பி சுழலும்போது கிரீஸைத் தானே மேலே தள்ளும். மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது, அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் காந்த இழுப்பால் மட்டும் திரும்புகிறது. இடையில் கிரீஸ் புகுந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு முள் உச்சத்துக்குப் போய் நிற்கும். கேபிளுக்குச் செய்த வேலை மீட்டரைக் கெடுத்த கதை அநேகமாக இந்த 20 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

புதிதாக வாங்குவதானால் பழையதைக் கையில் எடுத்துப்போங்கள். காடி மாடலோடு கியர்பாக்ஸ் ஆட்டோவா மேனுவலா என்பதையும் சொல்லுங்கள். நீளமும் கீழ்முனையும் மாறலாம். இரண்டையும் கவுண்டரில் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள். உள்கம்பி உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் சதுரத் துளையை எட்டாது. கூடினால் மீட்டரின் அச்சை அழுத்தி முள்ளை அசைக்கும். விலை குறைந்த கேபிள்களில் தொல்லை முனைகளில்தான் வரும்: சதுரம் சரியாக அழுத்தப்படாமல் துளைக்குள் ஆடும். பெட்டியிலேயே மடித்து, சுருக்கிக் கட்டியிருக்கும் கேபிளையும் எடுக்காதீர்கள், கம்பி அங்கேயே மடிந்திருக்கும். கடையில் கம்பியை விரலால் திருப்பிப் பார்க்க விடாவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். பல கேபிள்கள் கிரீஸ் போட்டே வரும். அதன் மேல் இன்னும் பூச வேண்டாம்.

மாட்டும்போது கம்பியை மெல்லச் சுழற்றியபடியே இறக்குங்கள், கீழ்ச் சதுரம் பல்சக்கரத்தில் உட்காருவது கைக்குத் தெரியும். கியர்பாக்ஸ் முனை நட்டைக் கையால் இறுக்கினால் போதும். வளைவு எங்கும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக்கூடாது, மீட்டருக்குள் நுழையும் முன் 5 சென்டிமீட்டராவது நேராக இருக்க வேண்டும். மீட்டர் பெட்டியை அவசரமாகத் தள்ளினால் கேபிள் பின்னால் நெரியும், பழைய துடிப்பே திரும்பி வரும். மூடுவதற்கு முன் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். கம்பியின் மேல்முனையும் சேர்ந்து சுற்ற வேண்டும்.

புதுக் கேபிள் போட்டும் சில வாரத்தில் அறுந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், மீட்டர் அச்சு இறுகியிருக்கும். பழைய கம்பியின் சதுர முனையில் ஒரு துண்டு வெட்டி, மீட்டர் துளையில் செருகி விரலால் திருப்பிப் பாருங்கள். கனமாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடலாம். அதே துண்டை மெதுவாகச் சுற்றும் டிரில்லில் மாட்டி மீட்டரையும் சோதிக்கலாம். ஜப்பானிய வழி வந்த மீட்டர்களில் பொதுவாக நிமிடத்துக்கு 637 சுற்று என்றால் 60 கிலோமீட்டர் வேகம். 400 சுற்றில் முள் 38க்குப் பக்கத்தில் நிலையாக நிற்க வேண்டும். முள் பூஜ்யத்தின் பக்கமே அழுத்திக்கொண்டு நின்றால் டிரில்லைத் திருப்பிச் சுற்றுங்கள். சரியான திசையிலும் முள் துடித்தால் வீட்டு வேலை அதோடு முடிந்தது, மீட்டரை மட்டும் கழற்றி ஈப்போவில் மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.