டாங்கிளா, புளூடூத்தா? லினக்ஸ்காரர்களுக்கு எது தொல்லை இல்லாதது?

கடலூரில் என் அக்கா பையனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸும் இருக்கிறது, பாஸ் (BOSS) என்ற லினக்ஸும் இருக்கிறது. அதற்கு ஒரு புளூடூத் மவுஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் போன்: "மாமா, லினக்ஸ்ல சேர்த்தா விண்டோஸ்ல வேலை செய்யல, அங்க சேர்த்தா இங்க போயிடுது." மவுஸ் மேல் தப்பில்லை. புளூடூத்தில் பேரிங், அதாவது இரண்டு சாதனங்களை ஜோடி சேர்க்கும்போது ஒரு ரகசியச் சாவி உருவாகி இரண்டு பக்கமும் பதிவாகும். லேப்டாப்பின் புளூடூத் முகவரி ஒன்றுதான் என்பதால் மவுஸுக்கு இரண்டும் ஒரே ஆள். புதுச் சாவி வந்ததும் பழையதை அழித்துவிடும். இரண்டு மூன்று கணினிக்கு மாற்றிக்கொள்ளும் பட்டன் உள்ள மவுஸ் என்றால் ஒன்றாம் எண்ணை விண்டோஸுக்கும் இரண்டாம் எண்ணை லினக்ஸுக்கும் கொடுத்துத் தப்பிக்கலாம்.

டாங்கிள் என்பது மவுஸோடு வரும் சின்ன யுஎஸ்பி ரிசீவர்; அதில் இந்தக் கூத்தே கிடையாது. யுஎஸ்பியில் செருகியதும் அது தன்னைச் சாதாரண வயர் மவுஸ், கீபோர்டு என்றுதான் காட்டிக்கொள்ளும், காற்றில் நடக்கிற பேச்சுவார்த்தை உபுண்டு மாதிரி லினக்ஸுக்குத் தெரியவே வேண்டாம். ஓஎஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் பயாஸிலும், எந்த ஓஎஸ் என்று கேட்கும் கிரப் (GRUB) மெனுவிலும்கூட விசை வேலை செய்யும். புளூடூத் கீபோர்டு அந்த நேரத்தில் பெரும்பாலும் ஊமை. டிஸ்கை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால் பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே நின்றுவிடுவீர்கள். லினக்ஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ்ஸான ஓபன்பிஎஸ்டிக்காரர்களுக்கோ தேர்வே இல்லை, 2014-லேயே புளூடூத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அதற்காக டாங்கிள் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். ஒரு போர்ட் போய்விடும். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் செருகினால் மவுஸ் தத்தித் தத்தி நகரும், ஏனென்றால் யுஎஸ்பி 3-இன் இரைச்சல் டாங்கிள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது, இன்டெல்லே 2012-இல் இதை எழுதியிருக்கிறது. இது தெரியாமல் நான் இரண்டு தடவை பேட்டரி மாற்றினேன், உப்புக்காற்றில் கம்பி பச்சை பிடித்துவிட்டதோ என்று சுரண்டியும் பார்த்தேன். கடைசியில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் சரியாகிவிட்டது.

லாஜிடெக் வாங்கினால் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். அவர்கள் டாங்கிளில் இரண்டு வகை: யூனிஃபையிங், 2021-இல் வந்த போல்ட். இரண்டுமே ஒரு ரிசீவரில் ஆறு சாதனம் வரை ஏற்கும், ஆனால் ஒன்றின் மவுஸ் மற்றதன் ரிசீவரில் சேராது. அவர்களுடைய ஆப்ஷன்ஸ் பிளஸ் மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை. அதற்குப் பதிலாக சோலார் (Solaar) என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேரிங், பேட்டரி அளவு எல்லாம் அதிலேயே பார்க்கலாம்.

ஒரே ஓஎஸ், போர்ட் குறைவான மெல்லிய லேப்டாப் என்றால் புளூடூத் எடுங்கள். செட்டிங்ஸில் அடம்பிடித்தால் டெர்மினலில் புளூடூத்சிடிஎல் (bluetoothctl) என்ற கட்டளையைத் திறந்து ஸ்கேன், பேரிங், டிரஸ்ட், கனெக்ட் என்று போங்கள்; டிரஸ்டை விட்டால் ரீஸ்டார்ட் செய்ததும் தானாகச் சேராமல் முரண்டு பிடிக்கலாம். அக்கா பையனுக்கு டாங்கிள் மவுஸ் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்தப் புளூடூத் மவுஸ் இப்போது என் பையில், பாண்டிக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும்.