டேட்டாவை மறுபடி பார்க்க: வழக்கா, மகளா?

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில், மனித வடிவ இயந்திரமான (ஆண்ட்ராய்டு) அதிகாரி டேட்டாவை மையமாகக் கொண்ட ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ (1989), ‘தி ஆஃப்ஸ்பிரிங்’ (1990) ஆகிய இரண்டு அத்தியாயங்களில் எதை மீண்டும் பார்ப்பது என்று தயங்குபவர்களுக்காக இந்த ஒப்பீடு. முன்னது, டேட்டா உரிமைகள் உள்ளவரா, வெறும் உடைமையா என்று தீர்மானிக்கும் வழக்கு; பின்னது, அவர் உருவாக்கும் மகளின் கதை.

நேரம்: இரண்டும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம், முன்னதற்கு நீட்டிக்கப்பட்ட வடிவமும் உண்டு.

முன்னறிவு: முன்னதில், இறந்துபோன சக அதிகாரி தாஷா யார் (Tasha Yar) என்பவரின், டேட்டா பத்திரப்படுத்திய ஒளியுருவம் சாட்சியமாக வரும் இடத்தின் கனம், முதல் பருவத்தைப் பார்த்தவர்களுக்கே முழுமையாகப் புரியும். பின்னதற்கு இத்தகைய முன்கதை தேவையில்லை.

உணர்ச்சி: முன்னதில் அது வாதத்துக்குள் அடங்கியிருக்கிறது, டேட்டாவுக்கு எதிராக வாதாட நிர்பந்திக்கப்பட்ட சக அதிகாரி ரைக்கர், நண்பனின் இயக்கத்தை நிறுத்திவிட்டுத் திரும்பும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். பின்னதில் டேட்டா உருவாக்கிய மகள் லால், தன்னைத் தந்தையிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் அச்சத்தை உணர்கிறாள். அவளுடைய மூளை செயலிழந்துகொண்டிருக்கையில், டேட்டாவால் உணர முடியாத அன்பை இருவருக்குமாகத் தானே உணர்வதாகச் சொல்கிறாள்.

மறுபார்வையில் தாங்குதல்: ஆள் பற்றாக்குறையால் நண்பனையே எதிர்த்தரப்பு வழக்கறிஞராக்கும் நடைமுறை இரண்டாம் முறை சற்றுச் செயற்கையாகத் தெரிகிறது (நாடகத்துக்கு அது தேவைதான்). ‘தி ஆஃப்ஸ்பிரிங்’கில் அத்தகைய உறுத்தல் எனக்குக் குறைவு.

இயந்திரத்துக்கு உரிமை உண்டா என்று நண்பர்களோடு விவாதிக்க விரும்புபவர்கள் முன்னதையும், தனியே அமர்ந்து கண்கலங்கத் தயாரானவர்கள் பின்னதையும் தேர்ந்தெடுக்கலாம்.