ஒருங்கிணைந்த சேவை மையம் (சகி): துணைக்குப் போனவளின் விமர்சனம்

பாலியல் வன்முறைக்கு ஆளான என் தோழிக்குத் துணையாக, எங்கள் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போயிருந்தேன். அவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வராது. இதை அவரே படித்துப் பார்த்து, எடுக்கச் சொன்னதையெல்லாம் எடுத்த பிறகுதான் போடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம்பிப் போகலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

தெரியாதவர்களுக்காக: 2015-இல் நிர்பயா நிதியில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது, சகி என்றும் சொல்வார்கள். சிகிச்சை, போலீஸ், வக்கீல், மனநல ஆலோசனை, சில நாள் தங்க இடம் என எல்லாவற்றுக்கும் ஆளை அலையவிடாமல் ஒரே இடத்திலிருந்து ஏற்பாடு செய்து தருவார்கள். காசு வாங்கமாட்டார்கள். நாங்கள் பெண்கள் உதவி எண்ணான 181-க்கு போன் செய்தோம், அவர்களே மையத்தோடு இணைத்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் வாசலிலேயே திரும்பினோம். "இது போலீஸ் கேஸ், ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமையே கிடையாது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்று 2013-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், இப்போது அது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-ஆவது பிரிவு. மறுத்தால் தண்டனை உண்டு.

மையத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஆலோசகர் நடந்துகொண்ட விதம். "என்ன நடந்தது" என்று ஆரம்பிக்கவில்லை. "சாப்பிட்டீங்களா, கதவைச் சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா, இவங்க கூட இருக்கலாமா" என்றுதான் கேட்டார். நான் கூட இருக்கலாமா என்று தோழியிடமே கேட்டது ரொம்பச் சரி, ஏனென்றால் கூட வந்தவர் முன்னால் சொல்லமுடியாத விஷயம் எல்லாருக்கும் இருக்கும். நான் வெளியே போய் உட்கார்ந்தேன். ஆலோசகர் தான் எழுதியதைத் தோழியிடமே படித்துக் காட்டி, சரியா என்று கேட்டிருக்கிறார். "ஏன் அந்த நேரத்துல போனீங்க" போன்ற கேள்வி ஒன்றுகூட வரவில்லை என்று தோழி திரும்பத் திரும்பச் சொன்னார்.

மருத்துவப் பரிசோதனையை நினைத்துத்தான் தோழி அதிகம் பயந்திருந்தார். உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கிற அந்த 'இரண்டு விரல்' சோதனை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். அதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022-இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. பெண் மருத்துவர் ஒவ்வொன்றையும் தொடும் முன்னால் எதற்கு என்று விளக்கி, "வேண்டாம்னா இதை மட்டும் விட்டுடலாம், சிகிச்சை நிற்காது" என்று சொன்னார். போலீஸுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமை, ஆனால் பரிசோதனைக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் பாதிக்கப்பட்டவரின் முடிவு. துணியைச் சாட்சியத்துக்கு எடுத்துக்கொண்டபோது மாற்று நைட்டி ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். இதை யோசித்து வைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

போலீஸ் விஷயத்திலும் உதவினார்கள். சம்பவம் நடந்த இடம் வேறு ஸ்டேஷன் எல்லைக்குள் வருகிறது, ஆனாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதிகிற முதல் தகவல் அறிக்கை) போட்டு அங்கே அனுப்பலாம் என்பது ஆலோசகருக்குத் தெரிந்திருந்தது. பெண் அதிகாரி ஒருவர் மையத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்கினார்.

சரி, குறைகள். ஷிஃப்ட் மாறி வந்த இன்னொருவர் முந்தைய குறிப்பைப் பார்க்காமல் "என்னம்மா நடந்தது, சொல்லு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அதுவரை தைரியமாக இருந்தவர் அங்கேதான் உடைந்து அழுதார். ஒரு மதிப்பெண் குறைந்தது இதற்குத்தான். குறிப்பைப் படித்துவிட்டு உள்ளே வர ஐந்து நிமிடம் ஆகுமா? அப்புறம் அந்தப் பெயர்ப் பலகை. ஓ.பி. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள், எந்தக் கதவுக்குள் யார் போகிறார் என்று ஊருக்கே தெரியும். தங்குவதும் பொதுவாக ஐந்து நாள் வரைதான், அதற்குமேல் வேறு விடுதிக்கு அனுப்புகிறார்கள். புது இடம், புது முகம் என்று மறுபடியும் பழக வேண்டியிருக்கிறது.

பிறகு நலம் விசாரிக்கக் கூப்பிடுவதில் நல்ல கவனம். எந்த நேரத்தில் கூப்பிட்டால் வீட்டில் பிரச்சினை இல்லை, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதையெல்லாம் முன்பே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

போகிறவர்களுக்கு: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரை ஐந்து நாள் வரை தரலாம் என்றாலும் சீக்கிரம் போனால்தான் நல்லது. முடிந்தால் குளிக்காமல் போங்கள், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். குளித்துவிட்டாலும், நாளாகிவிட்டாலும் தயங்காமல் போங்கள், சிகிச்சையும் ஆலோசனையும் உண்டு. இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கவேண்டும், மையத்திலேயே எழுத உதவுகிறார்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100.