குளிரில் கோழிக்கு விற்றமின்: தண்ணீரிலா, தீனியிலா?

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலைப் புல்லில் உறைபனி படியும். அந்த நாட்களில் கோழிக்கு விற்றமின் கொடுக்க இரண்டு வழி இருக்கிறது: தண்ணீரில் கரைக்கும் தூள், தீனியில் கலக்கும் கலவை. அன்றாடத்துக்குத் தீனிவழிதான் என் தெரிவு.

காரணம் எளிது. குளிரில் கோழி தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும், உடம்புச் சூட்டைக் காக்கத் தீனியைக் கூட்டிக்கொள்ளும். பின்னேரம் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கள்: பாதி அப்படியே இருக்கும், அடியில் மஞ்சளாகத் தூள் படிந்திருக்கும். கொடுத்தது கோழிக்குள் போகவில்லை. கரைத்த விற்றமின் சில மணி நேரத்திலேயே வீரியமும் இழக்கும், குளோரின் போட்ட தண்ணீரில் இன்னும் சீக்கிரம்.

ஆனால் நோய்ப்பட்ட கோழி முதலில் தீனியைத்தான் விடும், தண்ணீரை ஓரளவு குடிக்கும். தடுப்பூசி போட்ட பிறகும், வாகனத்தில் குஞ்சு கொண்டுவந்த நாளிலும் தண்ணீர்த்தூள்தான் கைகொடுக்கும். காலையில் புதிதாகக் கரைத்து, குடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வையுங்கள். மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள்.

கடையில் வாங்கும் லேயர் மாஷில் (முட்டைக்கோழித் தீனியில்) விற்றமின் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதன்மேல் இன்னும் கொட்டுவது வீண். ஏ, டி இரண்டும் உடம்பில் தேங்கும், மிஞ்சினால் கெடுதல். சோளமும் தவிடும் நீங்களே கலப்பதானால் விற்றமின் கலவை கட்டாயம் வேண்டும். அளவைப் பைக்கற்றில் பார்த்துப் போடுங்கள், சந்தேகமென்றால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். வெயில் பட்டால் உடம்பில் உண்டாகும் டி3 (டி விற்றமினில் ஒரு வகை) விசேஷமாக முக்கியம்: மூட்டம் கலையாத வாரங்களில் கூட்டுக்குள் வெயில் விழாது, அது குறைந்தால் முட்டை ஓடு மெலியும். சி விற்றமினைக் கோழி தானே உண்டாக்கிக்கொள்ளும்.

தீனிவழிக்கு எதிரி ஈரமும் சூடும். பிரித்த பைக்கற்றை மூடி இறுகிய தகரத்தில், அடுப்பங்கரைச் சூட்டுக்கும் சற்றுத் தள்ளி வையுங்கள்.