மரினா பேயா, செப்பாங்கா?

பார்முலா 1 கார் பந்தயம் நடத்த இரண்டு வழி. சிங்கப்பூர் 2008 முதல் மரினா பே பகுதியின் நகரச் சாலைகளையே மூடி, விளக்கு போட்டு, இரவில் ஓட்டுகிறது. மலேசியா செப்பாங்கில் தனித் தடம் கட்டி, 1999 முதல் 2017 வரை நடத்தியது.

வரவு என்று பார்த்தால் சிங்கப்பூர்தான். தடத்தைச் சுற்றியே ஓட்டல்களும் கடைகளும். வருகிறவர் செலவழிக்காமல் தப்ப முடியாது! ஆனால் ஆண்டுக்குச் சுமார் 13.5 கோடி சிங்கப்பூர் டாலர் செலவில் 60 சதவீதம் அரசுப் பணம். செப்பாங் விமான நிலையத்துக்குப் பக்கம், கோலாலம்பூருக்கு வெகு தூரம். டிக்கெட் விற்பனை சரிய, பந்தயம் நடத்தும் உரிமைக் கட்டணம் ஏற, அரசு விலகிக்கொண்டது.

சுற்றுச்சூழல் கணக்கு இவ்வளவு நேரானது அல்ல. சிங்கப்பூரில் ரசிகர் மெட்ரோவில் வந்து இறங்கலாம். அதே சமயம் வேலி, இருக்கை எல்லாம் ஆண்டுதோறும் கட்டிக் கழற்ற வேண்டும். செப்பாங்கில் அந்த வேலை குறைவு, மோட்டோ ஜிபி பைக் பந்தயம் இன்றும் அங்கே ஓடுகிறது. ஆனால் தடம் கட்ட நிலத்தை ஒருமுறை விழுங்கியது விழுங்கியதுதான்.

அப்புறம், காரின் புகையைத் திட்டுவதில் பெரிய பயன் இல்லை. 2018-இல் பார்முலா 1 வெளியிட்ட சுமார் 2,56,000 டன் கார்பனில் பந்தயக் கார் எஞ்சின்களின் பங்கு 0.7 சதவீதம், சரக்குப் போக்குவரத்து 45 சதவீதம். ரசிகர்களின் விமானப் பயணம் அதில் சேரவே இல்லை. வெளிநாட்டுக் கூட்டத்தை நம்பும் சிங்கப்பூருக்கு அதுதான் உறுத்த வேண்டும்.

ஏற்கெனவே தடம் இருக்கும் ஊர் என்றால் நான் செப்பாங் வழியைத்தான் சொல்வேன்.